மாடியில் ஏறிப் பார்த்தேன்

கந்தர்வக்கோட்டை,
தை 9

அன்புத் தம்பிக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பொங்கலுக்கு வந்த நான் இன்னும் சென்னை திரும்பவில்லை. வேலையை இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய சாட்டிலைட் படம் வந்தது. நம் வீட்டுக் கூரையைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டு, “6 கிலோவாட் சோலார் வைக்கலாம்” என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். “அக்கா, உன் வேலையே இதுதானே. சரியா என்று பார்த்துச் சொல், இங்கிருந்தே முன்பணம் கட்டிவிடுகிறேன்” என்று கேட்டிருந்தாய். நீ ஷிப்டுக்கு நடுவில் கூப்பிடுகிறாய், இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய். அதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். முன்பணம் கட்டாதே. 6 கிலோவாட் நம் வீட்டுக்கு வேண்டாம். ஆனால் சோலாரே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. முழுதும் படி.

முதலில் ஒன்று: அவர்கள் கொடுத்த கணக்கு பொய்க்கணக்கு இல்லை. நம் ஊரில் சிலர் “சாட்டிலைட்டே சொல்லிருச்சு” என்று அப்படியே நம்பிவிடுகிறார்கள். வேறு சிலர் “ஆகாசத்துல இருந்து பார்த்தா என்னத்தத் தெரியும்” என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாட்டிலைட் படத்தைப் படிப்பதுதான் நான் தினம் செய்கிற வேலை. அது எதைத் துல்லியமாகச் சொல்லும், எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த எண் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். முதல் வேலை கூரையைக் கண்டுபிடிப்பது. படத்தில் எது கட்டடம், எது களம், எது ரோடு என்று பிரித்துக் கோடு போட வேண்டும். முன்பு எங்களைப் போன்றவர்கள் கையால் போட்டோம். இப்போது கம்ப்யூட்டரே பழகிக்கொண்டு போடுகிறது. கூகுள் 2021இல் ஆப்பிரிக்காவில் தொடங்கி, 2023க்குள் தெற்காசியாவையும் சேர்த்து, 180 கோடி கட்டடங்களின் வெளிக்கோட்டை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. அதை இறக்கிப் பார்த்தேன். நம் வீடு இருக்கிறது, பெரியப்பா வீடு இருக்கிறது, பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டகை கூட இருக்கிறது.

அடுத்தது உயரம். நேர் மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் உயரம் தெரியாது. ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் எடுத்தால், இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். 2005 மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் இதற்காகவே இரண்டு கேமராக்களைச் சுமந்தது. ஒன்று முன்பக்கம் சாய்ந்து பார்க்கும், மற்றொன்று பின்பக்கம். அதில் 2.5 மீட்டருக்குக் குறைந்த பொருள் தெரியாது. 2019 நவம்பரில் போன கார்ட்டோசாட்-3 கால் மீட்டர் வரை பார்க்கிறது. பதினான்கு வருஷத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் பார்.

உயரம் கிடைத்துவிட்டால் நிழல் கிடைத்துவிடும். சூரியன் எந்த நாளில், எந்த மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. வருஷம் முழுவதும் மணிக்கு மணி பக்கத்துக் கட்டடத்தின் நிழல் நம் கூரையில் எங்கே விழும் என்று போட்டுப் பார்க்கலாம். மிச்சம் இருப்பது மேகம். அதற்கு 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. 2013இல் போன இன்சாட்-3டி, 2016இல் 3டிஆர், 2024இல் 3டிஎஸ். அவை அரைமணிக்கு ஒருமுறை எடுக்கும் மேகப் படத்திலிருந்து தரைக்கு எவ்வளவு வெயில் வந்தது என்று கணக்கிடுகிறார்கள். அகமதாபாத்தில் இருக்கும் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இதை வைத்து ஒரு செயலியே செய்து கொடுத்திருக்கிறது. இடத்தைக் காட்டினால் மாதவாரியாக வெயிலைச் சொல்லும், பேனலை எத்தனை பாகை சாய்க்க வேண்டும் என்றும் சொல்லும். மேலிருந்து போட்ட கணக்கு சரியா என்று தரையில் அளந்து பார்க்கிற வேலை நம் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தில் நடக்கிறது. 2011இலிருந்து நாடெங்கும் வெயில் அளக்கும் நிலையங்களை வைத்து அங்கே தொகுக்கிறார்கள். காற்றாலைக்காரர்கள் வெயிலை அளக்கிறார்களா என்று நீ கேட்பாய். ஆமாம், அவர்கள்தான் அளக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரி 5 யூனிட்டுக்கு மேல் வெயில் விழுகிறது. ஒரு கிலோவாட் பேனலுக்கு நடைவழி, இடைவெளி எல்லாம் சேர்த்துச் சுமார் 100 சதுர அடி வேண்டும். அது நாளுக்கு நாலு யூனிட் தரும், நல்ல நாளில் ஐந்து. 600 சதுர அடிக்கு மேல் கூரை தெரிகிறது. ஆக 6 கிலோவாட் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள்.

நீ சிங்கப்பூரில் தினம் பார்க்கிற எச்.டி.பி. அரசு அடுக்குமாடிகளில் இந்தக் கணக்கு அப்படியே பலிக்கும். 2014இல் அவர்கள் சோலார்நோவா என்று ஒரு திட்டம் ஆரம்பித்து, பல கட்டடங்களின் கூரையை மொத்தமாகச் சேர்த்து டெண்டர் விட்டார்கள். ஒரே மாதிரிக் கூரை, ஒரே உடைமையாளர், பத்துப் பன்னிரண்டு மாடி உயரம், அதைத் தாண்டி வளர மரமில்லை. அங்கே மேசையில் உட்கார்ந்தே திட்டம் போடலாம். நீ அதைப் பார்த்துப் பழகிவிட்டதால் இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறாய்.

நான் நம் மாடியில் ஏறிப் பார்த்தேன். சொல்கிறேன் கேள்.

படத்தில் ஒரே கூரையாகத் தெரிவது இரண்டு கூரை. முன்கட்டு இன்னும் ஓடுதான். நூறு வருஷத்துச் சட்டம், வாரை. அதன்மேல் பேனல் ஏற்ற முடியாது, ஆள் ஏறினாலே ஓடு உடையும். ஓட்டின் மேல் பாசி படிந்து கறுத்திருப்பதால் படத்தில் தளத்தின் நிறமும் ஓட்டின் நிறமும் ஒன்றாகிவிட்டன. பின்கட்டு மட்டும்தான் காங்கிரீட். 600 சதுர அடி என்றது அங்கேயே பாதிக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிட்டது.

பின்கட்டின் நான்கு மூலையிலும் அப்பா விட்டுவைத்த கம்பிகள் நிற்கின்றன. உனக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று விட்டது. அந்தக் கம்பி நிற்கிற கூரைகள் நம் தெருவிலேயே பாதி. ஊரில் ஒவ்வொரு குடும்பமும் பிள்ளைக்கு என்று ஒரு மாடியை மனதில் கட்டிவைத்திருக்கிறது. எந்தச் செயற்கைக்கோளுக்கும் அது தெரியாது. பேனலோ இருபத்தைந்து வருஷம் அங்கேயே இருக்க வேண்டிய பொருள். நீ மாடி எடுக்கப் போகிறாயா இல்லையா என்று முதலில் முடிவு செய். எடுப்பதாக இருந்தால் அதை முடித்துவிட்டுப் பேனலுக்கு வா.

தளத்தில் பதித்த தட்டோடு வடமேற்கு மூலையில் வெடித்திருக்கிறது. அங்கே துளை போட்டுத் தாங்கு கால் நட்டால் அடுத்த ஐப்பசியில் அம்மாவின் அறையில் ஒழுகும். துளை போடாமல் காங்கிரீட் கட்டைகளின் மேல் நிறுத்தும் முறை இருக்கிறது. அதைத்தான் கேட்க வேண்டும்.

தண்ணீர்த் தொட்டி, தெற்குப் பக்கத்தில் மாடிப்படி அறையின் மேல் இருக்கிறது. இப்போது தை மாதம், சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் மாலை நாலு மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். காலையில் அந்தத் தொட்டியும் அறையும் சேர்ந்து தளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மூடுகின்றன. ஒரு பேனலின் மூலையில் விழும் சின்ன நிழல்கூட அதோடு வரிசையாகக் கோத்த மற்றப் பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும், அதனால் அந்த மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட வேண்டும். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து பத்தரைப் பாகைதான் வடக்கே. சித்திரை முதல் வாரத்தில் ஒருநாள் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, நட்டுவைத்த கம்புக்குப் பக்கவாட்டில் நிழலே இருக்காது. அதன்பின் ஆவணி இரண்டாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், நிழல் தெற்கே விழும். ஆகையால் வடக்குப் பக்கம் மறைப்பு இருந்தால் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதே. டெல்லிக்கு அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது.

இனி மரம். இதைப் பற்றி எழுதத்தான் எனக்கு மனசு துடிக்கிறது.

நீ அனுப்பிய படத்தில் மேற்கே பக்கத்து வீட்டுக் கொல்லை வெறும் செம்மண்ணாகக் கிடக்கிறது. படம் எடுத்த தேதியை அவர்கள் போடவில்லை, ஆனால் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அது கஜா புயலுக்குப் பிறகு எடுத்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதிக்கு முந்தைய படத்தை எடுத்துப் பார்த்தால் அந்தக் கொல்லை முழுக்கத் தென்னை. அன்றைக்கு வேதாரண்யத்தில் கரையேறிய புயல், கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் நம் ஊரையும் ஒரே ராத்திரியில் மொட்டையாக்கிவிட்டது. தென்னை, பலா, முந்திரி எல்லாம் வேரோடு போனது உனக்கே தெரியும், நீயும் அப்போது இங்கேதான் இருந்தாய். நிழல் கணக்குப் போடுகிறவர்களுக்குக் கந்தர்வக்கோட்டையில் அந்த ஒரு ராத்திரியில் கூரைகளெல்லாம் திடீரென்று நல்ல கூரைகளாகிவிட்டன. படத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும்.

ஆனால் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. மறு வருஷமே கன்று நட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை நட்ட கன்றுகள் இப்போது நம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி நிற்கின்றன. இன்னும் ஐந்தாறு வருஷத்தில் மாலை வெயிலை முழுக்க மறைத்துவிடும். அத்தையிடம் போய் மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வராது, உனக்கும் வராது. அவள் ஒரு தோப்பையே இழந்து மறுபடி வளர்த்திருக்கிறாள். கூரை வரைபடம் போடுகிறவர்கள் இந்த ஊர்களில் மரத்தின் இன்றைய உயரத்தோடு நிறுத்தாமல், அது என்ன மரம், எவ்வளவு வளரும் என்பதையும் சேர்க்க வேண்டும். என் அலுவலகத்தில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நகரத்துக்குப் போடும் கணக்கில் மரத்தை வளராத பொருளாக வைத்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் அது நிற்காது.

நீ சோலார் கேட்பதற்கு உண்மையான காரணம் கரண்ட் பில் இல்லை என்று எனக்குத் தெரியும். கஜாவுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம், தண்ணீருக்கு ஜெனரேட்டர் வாடகை எடுத்து மோட்டார் போட்டோம், அப்பாவின் இன்சுலின் கெட்டுவிடும் என்று தஞ்சாவூர் வரை ஐஸ் வாங்கப் போனாய். “மறுபடி அப்படி வந்தால் அம்மா இருட்டில் இருக்கக்கூடாது” என்பதுதான் உன் மனதில். அந்தக் காரணத்துக்கு அவர்கள் கொடுத்த 6 கிலோவாட் திட்டம் ஒன்றுக்கும் உதவாது. இதை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் எழுதியிருப்பது லைனோடு இணைக்கும் இன்வெர்ட்டர். லைனில் கரண்ட் போனவுடன் அது தானாக நின்றுவிடும். நிற்க வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் அறுந்த கம்பியை இழுத்துக் கட்டப் போகும் லைன்மேன்மேல் நம் மாடியிலிருந்து கரண்ட் பாயும். கஜா சமயத்தில் வெளிமாவட்டத்திலிருந்தெல்லாம் வந்து போஸ்ட் நட்டார்களே, அவர்கள் உயிர் அந்த விதியில் இருக்கிறது. ஆகவே, நல்ல வெயில் அடிக்கிற நாளில், மாடி நிறையப் பேனல் இருந்தும், லைன் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு பல்புகூட எரியாது. அதற்குப் பேட்டரியோடு சேர்ந்த வேறு வகை இன்வெர்ட்டர் வேண்டும். லைன் போனால் வீட்டை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டு ஓட்டும். பேட்டரிக்கு ஆயுள் பேனலைவிடக் குறைவு. நடுவில் மாற்றச் செலவு உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

இன்னொன்று. அம்மா அடியில் வடாம் காயப் போடலாம் என்று ஆளுயரத்துக்குச் சட்டம் தூக்கி அதன்மேல் பேனல் வைக்கிற முறையை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகக் காற்றில் அது பாய் மாதிரி காற்றை வாங்கும். தாழ்வாக வைக்கச் சொல். தரையை ஒட்டியும் வைக்கக்கூடாது, அடியில் காற்று ஓட இடம் வேண்டும். வெயில் கொளுத்தினால் கரண்டும் கூடும் என்பது தப்பு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் பேனலின் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரையில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும்.

இப்போது இ.பி. அட்டைக்கு வருகிறேன். அம்மா ஒருத்திதான் இருக்கிறாள். சாதாரண நாளில் இரண்டு மாதத்துக்கு 160, 170 யூனிட். கோடையில் நீ வாங்கிக் கொடுத்த ஏ.சி. ஓடினால் 300. முதல் 100 யூனிட் 2016இலிருந்து எல்லா வீட்டுக்கும் இலவசம். அதற்கு மேல் 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள்தான். கோடையில்கூட அம்மா கட்டுவது ஆயிரத்துக்குள்தான். 6 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 1,400 யூனிட்டுக்கு மேல் வரும். மிச்சத்தை லைனுக்கு அனுப்பினால் கிடைக்கும் விலை நாம் வாங்கும் விலையைவிடக் குறைவு. மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. 3 கிலோவாட்டோடு 78,000இல் மானியம் நின்றுவிடும். நாலாவது, ஐந்தாவது, ஆறாவதெல்லாம் முழுக்க உன் கைக்காசு. அதை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. டெல்லியில் இருக்கும் சி.இ.இ.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனம் 2023இல் நாட்டின் 25 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. கூரையை மட்டும் பார்த்தால் 637 ஜிகாவாட் வைக்கலாம் என்று வந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு வைத்தாலே நாட்டில் எல்லா வீட்டுக்கும் போதும். பிறகு அந்தந்த வீட்டில் எவ்வளவு கரண்ட் செலவாகிறது, வைத்தால் கட்டுப்படியாகுமா என்று பார்த்தார்கள், 118ஆகக் குறைந்தது. போட்ட பணம் ஐந்து வருஷத்தில் திரும்ப வேண்டும், மக்களும் செலவழிக்கத் தயாராக இருக்க வேண்டும், மானியமும் இல்லை என்று வைத்துப் பார்த்தபோது 11 ஜிகாவாட். 637 எங்கே, 11 எங்கே! காரணம், பெரும்பாலான வீடுகள் அம்மாவைப் போலக் கொஞ்சமாகச் செலவு செய்கிறவை. மும்பைக்கு 2015இல் ஐ.ஐ.டி. பாம்பேயிலிருந்து வந்த ஒரு கட்டுரை 2,190 மெகாவாட் என்றது. மறு வருஷம் வேறொரு குழு 1,700 மெகாவாட்டுக்குச் சற்று மேல் என்றது. ஒரே ஊர், ஒரே கூரைகள். எவ்வளவு இடத்தை விடுவது, எந்தக் கட்டடத்தைச் சேர்ப்பது என்பதில் ஆளுக்கு ஆள் முடிவு மாறினால் நானூறு மெகாவாட்டுக்கு மேல் மாறிவிடும். சென்னைக்கு 1.38 ஜிகாவாட் என்று கிரீன்பீஸும் குஜராத்தின் ஜெர்மி நிறுவனமும் சேர்ந்து சொன்ன எண் ஒன்று உண்டு. இந்த எண்களை நான் மதிக்கிறேன். ஒரு நகரம் எவ்வளவு பெரிதாக யோசிக்கலாம் என்பதற்கு அவை வேண்டும். ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் நிலம் போயிற்று; கூரைக்கு நிலமே வேண்டாம் என்பது சின்ன விஷயமா? ஆனால் ஒரு வீட்டு முடிவை அந்த எண்ணிலிருந்து எடுக்கக்கூடாது.

சரி, மேலிருந்து எடுத்த படத்தால் நம் ஊருக்கு என்னதான் பயன் என்று கேட்பாய். நிறைய இருக்கிறது. எந்த மாடிக்கு முதலில் போக வேண்டும் என்று அது காட்டும். நேற்று ராத்திரி உட்கார்ந்து, கட்டடக் கோடுகளை எடுத்துப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். முதலில் வந்தவை கல்யாண மண்டபங்கள், அரிசி மில், பள்ளிக்கூடக் கட்டடங்கள், தாலுகா ஆபீஸ், தஞ்சாவூர் ரோட்டில் வரிசையாக இருக்கும் கடைகள். நம் வீடு எங்கோ கீழே கிடக்கிறது. அந்தப் பெரிய கூரைகளுக்குக் கீழே பகலில்தான் கரண்ட் ஓடுகிறது. கடையின் பிரீசர், ஜெராக்ஸ் மெஷின், ஓட்டல் கிரைண்டர், பள்ளிக்கூட பேன் எல்லாம் வெயில் அடிக்கும்போதே ஓடுபவை. கடைக்கு இலவச யூனிட் கிடையாது, விலையும் கூடுதல். மானியம் வீட்டுக்கு மட்டும்தான் என்றாலும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். வீட்டிலோ பகலில் ஆள் எல்லாம் வேலைக்குப் போய்விடுவதால் ராத்திரிதான் கரண்ட் வேண்டும்.

அதோடு டிரான்ஸ்பார்மர். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் இருபது முப்பது வீடுகளும் பேனல் போட்டு நண்பகலில் ஒரே நேரத்தில் லைனுக்குத் தள்ளினால், அந்தக் கம்பியில் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். எந்தக் கூரை எந்த டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது என்பதைக் கூரைப் படத்தின் மேல் போட்டுப் பார்த்தால்தான் ஊருக்குத் திட்டம் போட்டதாக அர்த்தம். பெங்களூரில் பெஸ்காம் நிறுவனம், சிஸ்டெப் என்ற ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, வானிலிருந்து லேசர் கதிரால் நகரத்தை அளந்து கூரைக் கணக்குப் போட்டது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு 152 நகரங்களில் சொத்து வரைபடம் எடுக்க நக்‌ஷா என்று தொடங்கியிருக்கிறது. எல்லாம் நகரங்களுக்கு. நம்மைப் போன்ற ஊர்களின் மேலும் அதே செயற்கைக்கோள்தான் போகிறது, படமும் எடுக்கிறது. அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் கம்பெனி ஏஜெண்டுகள் வந்து, யாரிடம் வெளிநாட்டுப் பணம் இருக்கிறதோ அந்த வீட்டு மாடியாகப் பார்த்துப் பேனலை ஏற்றிவிட்டுப் போகிறார்கள். வெயில் எங்கே விழுகிறது என்பதைவிட, பணம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துக் கூரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊர் ஓரத்தில் 2011க்குப் பிறகு கட்டிய பசுமை வீடுகள் நிற்கின்றன, 300 சதுர அடி, சோலார் விளக்கோடு கொடுத்தது. படத்தில் பார்த்தால் சுற்றி மரமில்லாத, நிழலே படாத, வரிசையான சின்னச் சதுரங்கள். வெயிலுக்கு இந்தத் தாலுகாவிலேயே நல்ல கூரைகள் அவை என்பேன். ஆனால் அந்த வீடுகளில் செலவு 100 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அவர்களுக்குச் சொந்தமாகப் பேனல் போட்டு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. வீட்டுக்காரர் முதல் போடாமல் மின் நிறுவனமோ வேறு நிறுவனமோ போட்டு நடத்தும் வழிக்கும் சூர்ய கர் திட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூரைகளுக்கு வாடகை மாதிரி ஏதாவது வந்தால், நண்பகல் கரண்ட் கடைத்தெருவுக்குப் போனால், எவ்வளவு நன்றாக இருக்கும்! அதைக் கேட்கப் போகிறவர்கள் கையில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். அதைப் போட்டுத் தர எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இந்தக் கோடையில் லீவு போட்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஊர் முழுக்கக் கூரைக் கணக்கு எடுக்கப் போகிறேன். கோடுகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் வீடு வீடாகப் போய் ஓடா, ஷீட்டா, காங்கிரீட்டா, மேலே கம்பி விட்டிருக்கிறார்களா, பக்கத்தில் என்ன மரம், எந்த டிரான்ஸ்பார்மர் என்று கேட்டு எழுத வேண்டும். போனிலேயே பதியலாம். அம்மா இப்போதே “எல்லாப் பிள்ளைக்கும் மோர் கலக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ மிச்சப்படுத்தும் நாலு கிலோவாட் காசில் ஒரு பங்கை இதற்குக் கேட்பேன், தயாராக இரு.

நம் வீட்டுக்கு: மாடி எடுப்பதில்லை என்று நீ சொன்னால், பின்கட்டின் நிழல் விழாத பகுதியில் 2 கிலோவாட், பேட்டரியோடு, தாழ்வான சட்டத்தில், தளத்தைத் துளைக்காமல். பேனலை மேற்கு ஓரத்திலிருந்து தள்ளி வைத்தால் அத்தையின் தென்னை வளர்ந்தாலும் சில மணி நேரம்தான் இழப்போம். அம்மாவுக்கு பிரிட்ஜ், பேன், விளக்கு ஓடும். பில் என்று பார்த்தால் லாபம் பெரிதாக இல்லை. அம்மாவுக்காகச் செய்வது, நான் முழு மனதோடு செய்யச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. ஆட்சேபணை இல்லை என்று நீயும் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பு. போனில் போட்டோவாக அனுப்பாதே, அசல் வேண்டும். மாசி பிறப்பதற்குள் வந்துவிட்டால் நான் சென்னை போகும் முன் கொடுத்துவிட்டுப் போவேன்.

அன்புடன்,
அக்கா